5. இணைய முகவரியைப் படிப்பது எப்படி?

போலி வலைத்தளம் செய்பவர் எதையும் புதிதாக வரைவதில்லை. வங்கியின் லாகின் பக்கத்தை பிரவுசரில் திறந்து, அப்படியே சேமித்து, தன் சர்வரில் ஏற்றிவிடுகிறார். வங்கியின் சின்னம், நிறம், எழுத்துரு, ‘உங்கள் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்ற எச்சரிக்கை வரி உட்பட எல்லாம் கூடவே வந்துவிடும். அவர் மாற்றுவது ஒன்றைத்தான்: நீங்கள் தட்டும் பெயரும் பாஸ்வேர்டும் வங்கிக்குப் போகாமல் தன்னிடம் வந்து சேரும்படி செய்துகொள்கிறார். ‘பார்த்தால் ஒரிஜினல் மாதிரியே இருந்தது’ என்று ஏமாந்தவர்கள் சொல்லும்போது அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத நகல் அது.

நகலெடுக்க முடியாதது முகவரி மட்டுமே. ஒரு பெயரை ஒருவர் பதிவு செய்து வைத்திருக்கும்வரை, அதே பெயரை உலகில் வேறு யாராலும் பதிவு செய்ய முடியாது. அதனால்தான் மோசடிக்காரர்களின் உழைப்பெல்லாம் நீங்கள் முகவரியைப் படிக்காமல் பார்த்துக்கொள்வதில் போகிறது. படித்தாலும் தப்பாகப் படிக்க வைப்பதில் போகிறது. எழுத்துப்பிழை இருக்கிறதா, லோகோ மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள் எனப் பழைய அறிவுரைகள் சொல்லும். அவற்றை நம்பியிருக்காதீர்கள். பிழை இருந்தால் போலி என்று சொல்லலாம். பிழை இல்லை என்பதால் அசல் என்று சொல்லவே முடியாது.

இந்த அத்தியாயத்தில் வரும் முகவரிகளை ஒலிக்கு ஏற்பத் தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கும். புள்ளி, சிறுகோடு, சாய்கோடு ஆகியவை இருக்கும் இடம் மாறாது. நமக்கு வேண்டியதும் அந்த இடங்கள்தான்.

கடைசியிலிருந்து படியுங்கள்

வாகன அபராதம் கட்டும் அரசுத் தளத்தின் முகவரி இசலான்.பரிவாகன்.கவ்.இன். இதை இடமிருந்து வலமாகப் படிக்கத்தான் நம் கண் பழகியிருக்கிறது. ‘இசலான்’, ‘பரிவாகன்’ என்ற இரண்டு சொற்களைக் கண்டதுமே மனம் திருப்தியடைந்துவிடும். ஆனால் உரிமையாளர் யார் என்ற விவரம் இருப்பது வலது ஓரத்தில். தபால் உறையில் முகவரி எழுதுவதை நினைத்துப் பாருங்கள். ‘கலெக்டர் ஆபீஸ் ரோடு’ என்று நடுவில் ஒரு வரி இருப்பதால் அந்த வீடு கலெக்டர் அலுவலகம் ஆகிவிடாது. எந்த ஊர், எந்த மாவட்டம் என்பதைக் கடைசி வரிதான் சொல்லும்.

செய்ய வேண்டியது இதுதான். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு வலப்புறம் இருப்பது எதுவாக இருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். சாய்கோட்டிலிருந்து இடப்புறமாக நகர்ந்து, கடைசி இரண்டு துண்டுகளைப் படியுங்கள். கோ.இன், கவ்.இன், பேங்க்.இன் போன்று முடிந்தால் மூன்று துண்டுகள். அதுதான் தளத்துக்குச் சொந்தக்காரரின் பெயர். அதற்கும் இடப்புறம் இருப்பதை அந்தச் சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பாருங்கள். பரிவாகன்.கவ்.இன்.அபராதம்-கட்டு.டாப் என்று ஒரு முகவரி வந்தால், சொந்தக்காரர் ‘அபராதம்-கட்டு.டாப்’ என்ற பெயரை வாங்கிய யாரோ ஒருவர். முன்னால் இருக்கும் ‘பரிவாகன்.கவ்.இன்’ அவர் ஒட்டிக்கொண்ட வெறும் அலங்காரம். அதே அலங்காரத்தைச் சாய்கோட்டுக்குப் பின்னாலும் வைப்பார்கள்: அபராதம்-கட்டு.டாப்/பரிவாகன்.கவ்.இன். இதுவும் அதே ஆள்தான்.

மூன்றாவது வகையில்தான் படித்தவர்களே தவறுகிறார்கள்: பரிவாகன்-கவ்.இன். இங்கே ‘கவ்’ என்பதற்கு முன்னால் இருப்பது புள்ளி இல்லை, சிறுகோடு. புள்ளி பிரிக்கும், சிறுகோடு பிரிக்காது, சேர்க்கும். ஆகவே இதில் ‘பரிவாகன்-கவ்’ என்பது ஒரே பெயர், ‘.இன்’ என்பது அதன் முடிவு. வெறும் ‘.இன்’ பெயரை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். கவ்.இன் பெயரை அப்படி வாங்க முடியாது. மத்திய, மாநில அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தேசியத் தகவலியல் மையம் அதை ஒதுக்குகிறது.

வங்கிகளுக்கும் இப்போது இப்படி ஓர் அடையாளம் இருக்கிறது. பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே இந்தப் பெயர்களைப் பதிவு செய்கிறது. வங்கி அல்லாதவருக்குக் கிடைக்காது. ஸ்டேட் வங்கி என்றால் எஸ்பிஐ.பேங்க்.இன். உங்கள் வங்கியின் புதிய முகவரியைப் பாஸ்புக் பதியப் போகும்போது கிளையிலேயே கேட்டு, போனில் புக்மார்க் செய்துகொள்ளுங்கள். பல வருடங்களாகச் சாதாரண மக்களுக்குச் சொல்லித்தரக்கூடிய எளிய அடையாளம் எதுவும் இல்லாமல் இருந்தது. இந்த ஏற்பாடு இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

எல்லாப் பொதுத்துறைத் தளமும் கவ்.இன் என்று முடியும் என்றும் எண்ணிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் மின்கட்டணம் கட்ட மக்கள் பழகிய தளம் டிஎன்இபிநெட்.ஓஆர்ஜி என்றே முடிகிறது. ரயில் டிக்கெட் தளம் ஐஆர்சிடிசி.கோ.இன். இவற்றுக்கு வாலைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. முழுப் பெயரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

போனில் இன்னொரு சிக்கல் உண்டு. திரை சிறியது என்பதால் பிரவுசர் நீண்ட முகவரியின் ஒரு பகுதியைத்தான் காட்டும். முகவரிப் பட்டையை ஒருமுறை தொட்டு, விரலால் தள்ளி, முழுவதையும் பாருங்கள். செய்தியில் வந்த லிங்க்கைத் திறக்கும் முன்பே அது எங்கே போகிறது என்று அறிய, அதை அழுத்திப் பிடியுங்கள். உண்மையான முகவரி மேலே தெரியும். மின்னஞ்சலில் இது மிகவும் முக்கியம். நீல நிறத்தில் எழுதியிருக்கும் முகவரி ஒன்றாகவும், அதைத் தொட்டால் போகும் இடம் வேறாகவும் இருக்கலாம். பிட்லி போன்ற சுருக்க முகவரிகளில் அழுத்திப் பிடித்தாலும் உள்ளே இருப்பது தெரியாது. வங்கி, மின்வாரியம், வரித்துறை என்று சொல்லிக்கொண்டு சுருக்க முகவரி வந்தால் திறக்காமல் விடுவதே நல்லது.

ஒன்று போலவே தெரியும் எழுத்துகள்

தமிழ் எண்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும் ஒன்று போலவே இருக்கும். ௨-உம் உ-வும், ௭-உம் எ-வும், ௮-உம் அ-வும் அப்படியே. நம் கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு முற்றிலும் வெவ்வேறு. ரஷ்ய மொழிக்கான சிரிலிக் எழுத்துகளில் சில, ஆங்கில எழுத்துகளோடு இப்படி அச்சு அசலாகப் பொருந்தும். 2017 ஏப்ரலில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் சிரிலிக் எழுத்துகளை மட்டும் கோத்து, பார்வைக்கு ‘ஆப்பிள்.காம்’ என்றே தெரியும் முகவரி ஒன்றைப் பதிவு செய்து காட்டினார். கூகுள் தன் குரோம் பிரவுசரின் 58-ஆம் பதிப்பில் அதைச் சரிசெய்தது. இப்போது சந்தேகத்துக்குரிய கலப்பு எழுத்து முகவரிகளை பிரவுசர்கள் பெரும்பாலும் ‘எக்ஸ்என்’ என்ற இரண்டு எழுத்தும் இரண்டு சிறுகோடும் முன்னால் போட்டு, ஒரு குழப்பமான எழுத்துக்கூட்டமாகக் காட்டிவிடும். ஆங்கிலப் பெயரை எதிர்பார்த்து நீங்கள் திறந்த தளத்தின் முகவரி அப்படித் தொடங்கினால் உடனே மூடிவிடுங்கள்.

நடைமுறையில் அதிகம் காண்பது இதைவிடச் சாதாரணமான தந்திரம். ஆங்கிலத்தில் ஆர், என் என்ற இரண்டு சிறிய எழுத்துகளை ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். ஓ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம், எல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. வயதானவர்களின் போனில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக் கொடுங்கள். பாதித் தந்திரம் அதிலேயே வெளிப்பட்டுவிடும்.

பூட்டுப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் தளம் பாதுகாப்பானது என்று ஒரு காலத்தில் வங்கிகளே சொல்லிக்கொடுத்தன. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மேல் அந்தப் பூட்டு எதையும் சொல்வதில்லை. அந்தத் தளமே திருடனுடையது என்றால், திருடனோடு பத்திரமாகப் பேசுகிறீர்கள் என்றுதான் அர்த்தம். பூட்டுக்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசர் பூட்டுப் படத்தையே நீக்கிவிட்டது.

‘இன்று இரவு 9.30 மணிக்கு’

2022-இல் நாடு முழுவதும் பரவிய ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். அதன் சாரம் இது: அன்புள்ள வாடிக்கையாளரே, கடந்த மாத பில் அப்டேட் ஆகாததால் இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும்; உடனே எங்கள் மின்துறை அதிகாரியை இந்த எண்ணில் அழையுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர் ஒரு நிமிடம் நின்று யோசித்தால் இதில் உள்ள ஓட்டை தெரியும். நம் வீட்டுக்கு ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ‘கடந்த மாத பில்’ என்று ஒன்று கிடையாது. வீட்டின் சர்வீஸ் நம்பரும் செய்தியில் இல்லை. அனுப்பியவருக்கு உங்கள் மாநிலமும் தெரியாது, வீடும் தெரியாது. ஒரே செய்தியை ஆயிரக்கணக்கான எண்களுக்கு அனுப்பியிருக்கிறார். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தையோ, படுத்த படுக்கையாக ஒருவரோ இருக்கும்போது அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. 9.30 என்று மணி குறித்திருப்பதே அதற்குத்தான். அந்த நேரத்துக்குள் ஈபி ஆபீசும் மூடியிருக்கும், கேட்க ஆளும் இருக்காது.

அழைத்தால் ‘அதிகாரி’ மிகவும் மரியாதையாகப் பேசுவார். சார், மேடம் என்பார். ‘பத்து ரூபாய் மட்டும் கட்டினால் போதும், அப்டேட் ஆகிவிடும்’ என்பார். அதற்காக ஒரு லிங்க் அனுப்புவார், அல்லது எனிடெஸ்க் போன்ற ஓர் ஆப்பை இறக்கச் சொல்வார். அது உங்கள் போன் திரையை அவர் திரையில் காட்டும் ஆப். நீங்கள் அந்தப் பத்து ரூபாயைக் கட்டத் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அவர் அங்கிருந்து படித்துக்கொண்டிருப்பார். சின்னத் தொகை கேட்கும் இடத்தில்தான் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பத்து ரூபாய்தானே என்று கார்டு விவரத்தைக் கொடுப்பவர் அந்தக் கார்டையே கொடுத்துவிடுகிறார்.

இப்படி ஒரு செய்தி வந்தால் அது உண்மையா பொய்யா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். செய்தியை அப்படியே விட்டுவிட்டு, வழக்கமாக பில் கட்டும் ஆப்பையோ தளத்தையோ நீங்களே திறந்து பாருங்கள். பாக்கி இருந்தால் அங்கே தெரியும். வந்த லிங்க் வழியாகப் போகாமல், தெரிந்த வழியில் போவது என்ற ஒரே பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் பழக்கிவிட்டால், இந்த நூலில் மற்ற எதையும் அவர்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

செய்தி எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு தடயம். வங்கிகளும் நிறுவனங்களும் அனுப்பும் எஸ்எம்எஸ் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. எழுத்துகளால் ஆன தலைப்புப் பெயரில் வரும். முன்கூட்டியே பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிக எஸ்எம்எஸ்களை 2024 அக்டோபர் முதல் தடுக்கும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் கதவு இறுகியதும் மோசடிகள் வாட்ஸ்அப் பக்கம் நகர்ந்துவிட்டன. அங்கே இந்தத் தடுப்பு இல்லை.

ஓடிபி வந்ததால் நம்பினேன்

‘பாஸ்வேர்டு போனால் போகட்டும், ஓடிபி என் போனுக்குத்தானே வரும்?’ என்று பலர் கேட்கிறார்கள். போலிப் பக்கம் வேலை செய்யும் விதத்தை நிதானமாகப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

நீங்கள் போலிப் பக்கத்தில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் தட்டுகிறீர்கள். அது மோசடிக்காரருக்குப் போகிறது. அவர் அதே நொடியில் உண்மையான வங்கித் தளத்தைத் திறந்து அதை உள்ளிடுகிறார். பல நேரம் ஆள் கூட இல்லை, ஒரு மென்பொருளே செய்கிறது. வங்கி, நீங்கள்தான் உள்ளே வருகிறீர்கள் என்று எண்ணி உங்கள் போனுக்கு ஓடிபி அனுப்புகிறது. அது அசல் ஓடிபி, வங்கியின் அசல் தலைப்புப் பெயரில் வருகிறது. அதே சமயம் உங்கள் திரையில் போலிப் பக்கம் ‘ஓடிபியை உள்ளிடவும்’ என்கிறது. எல்லாம் பொருந்தி வருவதால் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விடுகிறது. நீங்கள் தட்டுகிறீர்கள், அங்கே பணம் நகர்கிறது. கடைசியில் ‘சர்வர் பிஸி, சிறிது நேரம் கழித்து முயலவும்’ என்று ஒரு வரி வரும், அல்லது உண்மையான வங்கித் தளத்துக்கே உங்களைத் திருப்பிவிடுவார்கள். பாஸ்வேர்டைத் தப்பாகத் தட்டிவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டு நீங்கள் போனைக் கீழே வைப்பீர்கள்.

இதில் உங்களைக் காப்பாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, ஓடிபி வந்த செய்தியின் மீதி வரிகள். எதற்காக, எத்தனை ரூபாய்க்கு, யாருக்கு என்று அதில் பெரும்பாலும் எழுதியிருக்கும். நாம் ஆறு இலக்கத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். போன் அந்த எண்ணைத் தானாக எடுத்து நிரப்பும் வசதி வந்தபின் செய்தியைத் திறப்பதே இல்லை. திறந்து படியுங்கள். கேஒய்சி அப்டேட் என்று சொன்ன பக்கத்தில் இருக்கும்போது ‘ரூ. 49,000 பரிமாற்றத்துக்கு’ என்று செய்தி சொன்னால், கை அங்கேயே நிற்க வேண்டும்.

இரண்டாவது, பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர். அது பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. வழக்கமாகத் தானே நிரப்பும் பாஸ்வேர்டு ஒருநாள் நிரம்பவில்லை என்றால், அதை நினைவிலிருந்து தட்டப் போகாதீர்கள். முகவரியைப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய ஓர் எழுத்து அதற்குத் தப்பியிருக்காது.

பட்டாசுக் கடை

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் ‘சிவகாசி நேரடி விலை’ விளம்பரங்கள் வரத் தொடங்கும். தொட்டால் அழகான தளம்: கம்பி மத்தாப்பு, தரைச் சக்கரம், பூந்தொட்டி என்று வரிசையாக விலைப்பட்டியல், 80 சதவீதத் தள்ளுபடி, அளவைப் போட்டால் கூட்டிக் காட்டும் வசதி. இதில் சிரமம் என்னவென்றால், சிவகாசியின் உண்மையான கடைகளும் பட்டியலில் விலையை ஏற்றிப்போட்டு இதே 80 சதவீதத் தள்ளுபடியைத்தான் காட்டுகின்றன. ஆகவே ‘நம்ப முடியாத தள்ளுபடி என்றால் போலி’ என்ற பொது விதி இங்கே பயன்படாது.

இ-வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்தது. முழுப் பணத்தையும் உடனே ஆன்லைனில் கட்டச் சொல்லும் தளத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம். பட்டாசு என்று இல்லை, முன்பின் தெரியாத எந்தக் கடைத் தளமாக இருந்தாலும் இரண்டு சோதனை செய்யுங்கள். தளத்தில் போட்டிருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி.கவ்.இன் தளத்தில் தேடுங்கள். உரிமையாளர் பெயர், ஊர், பதிவான தேதி எல்லாம் இலவசமாக வரும். அங்கே ஒரு பெயரும் இங்கே ஒரு பெயரும் இருந்தால் வேண்டாம். பிறகு, யுபிஐயில் பணம் அனுப்பும் முன், ‘பின்’ நம்பர் கேட்கும் திரைக்கு மேலே யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் உள்ள பெயர் அது. கடையின் பெயருக்குச் சம்பந்தமே இல்லாத தனிநபர் பெயர், அதுவும் வேறொரு மாநிலத்துப் பெயர் வந்தால், திரும்பிவிடுங்கள். இந்தக் கடைசிப் படியில் பின்வாங்குவதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

கூகுளில் தேடிப் போவதிலும் ஓர் ஆபத்து. முதல் வரியில் வருவது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். ‘ஸ்பான்சர்டு’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுபவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். வங்கியின் எண் உங்கள் கார்டின் பின்புறத்திலேயே இருக்கிறது.

தெரிந்தவரிடமிருந்து வரும் ஃபைல்

லிங்க்குக்குப் பதிலாக ஃபைலே வருவது இப்போது பெருகியிருக்கிறது. வாகன அபராத ரசீது என்றும் கல்யாணப் பத்திரிகை என்றும் பெயர் வைத்து வாட்ஸ்அப்பில் வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று மூன்று ஆங்கில எழுத்து இருந்தால் அது பத்திரிகையும் இல்லை, ரசீதும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் நிறுவப்படும் ஆப். நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபிகளை உங்களிடம் கேட்கவே தேவையில்லை. அனுப்பியது உங்கள் சித்தப்பாவாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருக்கலாம். அவர்கள் போனில் ஏற்கெனவே புகுந்த ஆப்தான் அவர்கள் பெயரில் எல்லோருக்கும் அனுப்புகிறது. ‘நீங்களா அனுப்பினீர்கள்?’ என்று போன் போட்டுக் கேளுங்கள். அவர்களுக்கும் அது உதவி.

பணம் போய்விட்டால்

முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண். எந்த நேரமும் அழைக்கலாம். பணம் போன கணக்கு, நேரம், தொகை, யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். திருடிய பணம் ஒரே கணக்கில் தங்காது; அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவி, கடைசியில் எங்காவது ரொக்கமாக எடுக்கப்படும். அதற்கு முன் வழியில் உள்ள வங்கிகளில் நிறுத்திவைக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே வீட்டில் யார் திட்டுவார்கள் என்று யோசித்துக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என விடாதீர்கள். ஏமாந்தவர் வீட்டில் இருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: அந்த நேரத்தில் ‘உன்னை யார் தொடச் சொன்னது’ என்று கேட்பது, கிடைக்கக்கூடிய பணத்தையும் கெடுத்துவிடும்.

அடுத்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கையும் கார்டையும் முடக்குங்கள்; புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே இல்லை. நீங்களே ஓடிபியைக் கொடுத்திருந்தால் தெரிவிக்கும்வரை போனது உங்கள் இழப்பு. தெரிவித்தபின் போவதை வங்கிதான் ஏற்க வேண்டும். நீங்கள் தெரிவித்த நேரத்துக்கு எழுத்தில் ஆதாரம் இருப்பது அதனால்தான் முக்கியம்.

ஏபிகே நிறுவியிருந்தால் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வேறொரு போனிலிருந்து 1930-ஐ அழையுங்கள், பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வந்த செய்தியை வெறுப்பில் அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகாரை எழுத்தில் பதியுங்கள். பணம் போகவில்லை, செய்தி மட்டும்தான் வந்தது என்றால், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் அந்த எண்ணைத் தெரிவிக்கலாம்.

புகார் கொடுத்த சில நாட்களில் ஓர் அழைப்பு வரக்கூடும். சைபர் கிரைம் போலீஸ் என்றோ வங்கியின் மீட்புப் பிரிவு என்றோ சொல்வார்கள். உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க ஒரு சிறிய கட்டணம் கட்டுங்கள் என்று லிங்க் அனுப்புவார்கள். முதலில் ஏமாற்றிய கும்பலிடமே உங்கள் எண் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 1930-இல் புகார் கொடுக்கவும் பணம் திரும்பப் பெறவும் எந்தக் கட்டணமும் கிடையாது. புகாரின் நிலையை அறிய சைபர்கிரைம்.கவ்.இன் முகவரியை நீங்களே தட்டித் திறந்து, உங்கள் புகார் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.